பெயருக்குப் பின்னால் ஒரு பட்லர்

எங்கள் பக்கத்தில் பெயருக்கு முன்னால் ஒரு இனிஷியல் இருக்கும், அது அப்பாவுடையது. எனக்கு மட்டும் பெயருக்குப் பின்னாலும் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது: பட்லர். அனுமந்தைப் பள்ளிக்கூடத்தில் அட்டென்டன்ஸ் எடுக்கும்போது டீச்சர் அந்த இடத்தில் நிறுத்தி என்னைப் பார்ப்பார்.

"பட்லர்னா உங்கப்பாவா?"

"இல்ல டீச்சர்."

"அப்புறம் யாரு?"

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். அவர் மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. வெயில் குடித்துக் கறுத்த முகம். "நம்ம வம்சத்துல வெள்ளைக்கார ரத்தம் இருக்குது. உப்பு டிபார்ட்மென்ட் துரை ஒருத்தரோட பேரு அது. மறந்துடாத" என்றார். நான் போய்க் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். கண்ணிலாவது ஏதும் வித்தியாசம் தெரிகிறதா என்று தேடினேன்.

அப்பாவின் அக்காதான் ஒரு ஈஸ்டர் சாப்பாட்டின்போது அதைப் போட்டு உடைத்தார். "என்னடா துரை? நம்ம தாத்தா துரை பங்களாவுல சோறாக்கினாரு. சமையக்காரனை வெள்ளைக்காரங்க பட்லர்னுதான் கூப்பிடுவாங்க. ஊரும் பட்லர் வீடுன்னுச்சு. ஞானஸ்நானம் குடுக்கச்சொல்ல சாமியாரும் அதையே எழுதிட்டாரு. அவ்ளோதான்."

அப்பா பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். அதற்கப்புறம் அத்தை வீட்டுப் படி ஏறவில்லை. அத்தை இறந்தபோது போனார். பெட்டியை மூடும்வரை தெருவிலேயே நின்றார்.

அந்தப் பெயரோடுதான் எனக்கு மாப்பிள்ளையும் பார்த்தார். பொம்மையார்பாளையத்திலிருந்து தபால் ஆபீஸில் வேலை செய்யும் ஒருவர் தன் வீட்டாரோடு வந்தார். டீ கொடுத்தபோது, "ரொம்ப தூரம் பஸ்ல போய் வர்றீங்களே, கஷ்டமா இல்லையா?" என்று கேட்டார். புதுச்சேரியில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்த புதிது. அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அவர்கள் போனதும் அப்பா, "நம்ம பேருக்கு இந்த இடம் சரிப்படாது" என்றார். அம்மா டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் கழுவி வைத்தேன். அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் அதே பதில். பிறகு வருவது நின்றுபோனது.

அம்மா போனார், அப்பாவும் போனார். கல்லறைக் கல்லில் பட்லர் என்று இங்கிலீஷில் பெரிதாக வெட்டச் சொல்லியிருந்தார். அப்படியே வெட்டினேன். ரிட்டயர் ஆனபின் பேசாமலே கழிகிற நாட்கள் எனக்கு உண்டு. பால்காரரும் பையை மாட்டிவிட்டுப் போய்விடுவார்.

போன வருடம் மாசி மாதத்தில் வீட்டு முன்னால் வாடகைக் கார் ஒன்று நின்றது. வயதான வெள்ளைக்காரப் பெண் ஒருவர் இறங்கினார். டிரைவர் பெரிய முதலியார்சாவடிக்காரர். "அக்கா, இந்தம்மா லண்டன்லேர்ந்து வந்திருக்காங்க. இவங்க பாட்டன் யாரோ இங்க உப்பு ஆபீஸர். கல்லறையில உங்கப்பா கல்லப் பார்த்தாங்க. இவங்க பேரும் பட்லர்தானாம். நீங்க சொந்தமான்னு கேக்குறாங்க."

அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை, தன் பக்கத்தில் இனி யாருமே இல்லை என்று மெதுவான இங்கிலீஷில் சொன்னார். எனக்குப் புரிந்தது. ஆமாம், சொந்தம்தான் என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. அப்பா இருந்திருந்தால் நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சொல்லியிருப்பார். நான், எங்கள் கொள்ளுத்தாத்தா பங்களாவில் சமையல்காரர், அவர் வேலைதான் எங்கள் பெயர் என்று சொன்னேன்.

அந்த அம்மாள் என் கையை விடவில்லை. பிறகு சிரித்தார். அவர் பெயரும் அப்படி வந்ததுதானாம். பிரெஞ்சில் பாட்டிலுக்குச் சொல்லும் சொல்லிலிருந்து பிறந்ததாம். அந்தக் காலத்துப் பிரபு வீடுகளில் ஒயின் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டவனைப் பட்லர் என்பார்களாம். அப்பன் செய்த வேலை பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக நின்றுவிட்டதாம். தன் முன்னோரும் யாருக்கோ ஊற்றிக் கொடுத்தவர்தான் என்றார்.

"அப்போ ரெண்டு பேரும் ஒரே டிபார்ட்மென்ட்டுதான்" என்றார் டிரைவர்.

மூன்று பேரும் சங்கரா மீன் குழம்பு சாப்பிட்டோம். வெகுநாளைக்குப் பிறகு என் வீட்டில் பெரிய பானையில் சோறு வெந்தது. மாலையில் அந்த அம்மாள் துரை பங்களாவைப் பார்க்க ஆசைப்பட்டார். உப்பளத்துக்குக் கூட்டிப்போனேன். பங்களா எங்கே இருந்தது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. பாத்தி வரப்பில், காற்றில் சேலை பறக்க, அவரோடு நின்றேன். உனக்குப் பிறகு இந்தப் பெயர் யாருக்கு என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்றேன். எனக்கும் அப்படித்தான் என்றார்.

கிறிஸ்துமஸுக்கு அவர் போன் செய்தார். என்ன சமைத்தாய் என்று கேட்டார். அடுத்த வருடமும் வருவதாகச் சொன்னார். இந்த மாசியும் வந்து போய்விட்டது. நான் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, எடுப்பவர் இல்லை. உடம்புக்கு முடியாமல் இருக்கிறாரா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. அந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர் வேறு யாருமில்லை. அப்படியே ஒருவர் கிடைத்து, அந்த அம்மா உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டால், சொல்வதற்கு என்னிடம் ஒரு உறவுமுறையும் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அந்த எண்ணை ஒரு தடவை அழுத்திப் பார்க்கிறேன்.