புளியங்குளத்தில் இருந்த சேர்வர்

பேய், முனி, செய்வினை என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற ஆள் நான். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வாகனம் நின்றதும் எல்லோரும் இறங்கிக் கும்பிட, நான் கச்சான் கடலை வாங்கப் போய்விடுவேன். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் மிச்சத்தைக் கேட்டுவிட்டு இவன் எப்போதும் இப்படித்தான் கதை விடுவான் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. இதில் எனக்குப் பெருமை சேர்க்கிற பகுதி ஒன்றுகூட இல்லை. பொய் சொல்லுகிறவன் தன்னை இவ்வளவு கேவலமாகக் காட்டிக்கொண்டு பொய் சொல்ல மாட்டான், அதையாவது யோசித்துப் பாருங்கள்.

கிளிநொச்சியில் ஒரு திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்தில் எனக்கு வேலை. எந்தத் திணைக்களம் என்று கேட்காதீர்கள். வன்னியெங்கும் எங்களுக்குச் சின்னச் சின்ன உப அலுவலகங்கள் இருக்கின்றன, அங்கே உள்ள கணினி, பிரின்டர், நெட்வேர்க் பெட்டி எல்லாவற்றுக்கும் பொறுப்பு எங்கள் பிரிவு. பிரிவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், நானும் சர்மிளாவும் மட்டும்தான். அவளுக்கு எட்டு வருடம் முந்தி வந்தவன் நான். எந்தப் பொருள் எந்த அறையில் எந்த மேசையில் என்று கொப்பியைத் திறக்காமலே சொல்லுவேன். "கிருபாவைக் கேளுங்கோ" என்பதுதான் அந்த அலுவலகத்தில் எல்லாக் கேள்விக்கும் மறுமொழி. அந்த ஒரு வசனத்தைக் கேட்கத்தான் உருத்திரபுரத்திலிருந்து தினமும் சந்தோஷமாக வேலைக்கு வந்தேன் என்றால் மிகையில்லை.

பிறகு சர்மிளா வந்தாள். முரசுமோட்டைப் பிள்ளை. அவளுடைய அப்பாவின் காலத்தில் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அதை நான் மனதுக்குள் ஒரு குறையாக வைத்திருந்தேன், இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வந்து சில மாதத்திலேயே பழைய இருப்புக் கொப்பிகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, எல்லாப் பொருளையும் கணினியில் பதிந்து, ஒரு தரவுத்தளமே செய்துவிட்டாள். இலக்கத்தையோ பெயரையோ தட்டித் தேடினால் பொருள் எங்கே, யாரிடம், எப்போது போனது என்று எல்லாம் வந்து நிற்கும். அதன் பிறகு அலுவலகத்தில் "சர்மிளாவைக் கேளுங்கோ" என்று மாறிவிட்டது.

ஒருநாள் எங்கள் அலுவலகத்துக்குப் பெரியவர், நாங்கள் சேர் என்று கூப்பிடுகிறவர், ஒரு பிரின்டரைப் பற்றிக் கேட்டார். அவள் வாயைத் திறக்க முன்னமே நான் சொன்னேன், மேல்மாடி, மூன்றாவது அறை என்று. சேர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, "எதுக்கும் ஒருக்கால் தேடிப் பாருங்கோ பிள்ளை" என்றார் அவளிடம். தேடினாள். அது முல்லைத்தீவுக்குப் போய் ஒரு வருடமாம். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளோ தன் பொரியலில் பாதியை என் தட்டில் வைத்துவிட்டு, "எனக்கும் மறந்துதான் போயிருக்கும் அண்ணா, அதுல பதிஞ்சு வச்சதால தெரிஞ்சது" என்றாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு வயிறு இவ்வளவு எரிந்திருக்காது.

இந்த நிலையில்தான் எங்கள் பிரிவுக்கு ஒரு மேல்பதவி வருகிறது என்று கதை வந்தது. ஒரே ஒரு ஆள். கணக்கெடுப்பு முடிந்ததும் ஒரு பெயரை மேலே அனுப்புவேன் என்று சேர் சொல்லிவிட்டார். வருடா வருடம் வேறு அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்து, பதிவில் உள்ள பொருள் உண்மையாகவே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சரி போட்டுக்கொண்டு போவார்கள். இல்லாத பொருளுக்கு விசாரணை வரும். அந்தத் தரவுத்தளம் பிழை என்று ஒரே ஒரு இடத்தில் காட்டிவிட்டால் போதும் என்று எனக்குப் பட்டது.

கணக்கெடுப்புக்கு முதல்நாள் மத்தியானம் அவள் கை கழுவப் போனாள். கணினியைப் பூட்டவில்லை. ஒருநாளும் பூட்ட மாட்டாள், "அண்ணா இருக்கிறீங்கதானே" என்பாள். நான் அவள் கதிரையில் போய் இருந்துகொண்டு 'சேர்வர்' என்று தட்டித் தேடினேன். ஒரு பழைய சேர்வர், முந்தி எல்லாக் கணினியையும் இணைத்து வைத்திருந்த பெரிய கணினி, நிமிர்த்தி வைத்த பெட்டி, இரண்டு பேர் பிடித்தால்தான் தூக்கலாம், பின்பக்கக் களஞ்சியத்தில் படங்குச் சீலைக்குக் கீழே வருடக்கணக்காகக் கிடந்தது. இருக்கும் இடம் என்ற கட்டத்தில் களஞ்சியத்தை அழித்துப் புளியங்குளம் உப அலுவலகம் என்று எழுதினேன். எங்கள் இடத்தில் ஒரு பொருள் வாசல் கேற்றைத் தாண்டுவதென்றால் இரண்டு பேரின் பெயர் வேண்டும், அது கட்டாயம், இல்லாவிட்டால் பதிவு ஏறாது. என் பெயரையும் அவள் பெயரையும் போட்டேன். புதிதாகக் கை வைத்தது தெரியாமலிருக்க மூன்று வருடத்துக்கு முந்திய, அவள் வேலைக்கு வந்த புதிதில் ஒரு திகதியைக் கொடுத்தேன். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

என் திட்டம் இதுதான். குழு புளியங்குளம் போகும், அங்கே ஒன்றும் இருக்காது, அவள் எல்லார் முன்னாலும் முழிப்பாள். பிறகு நான் தலையைச் சொறிந்துகொண்டு, எனக்கென்னவோ அதைக் களஞ்சியத்தில் பார்த்த ஞாபகம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போக முதல் களஞ்சியத்துக்குள் போய்ப் படங்கைத் தூக்கிப் பார்த்தேன். சேர்வர் இருந்தது. இலக்கத்தைத் துடைத்து வாசித்தேன். தகட்டு விளிம்பு கீறி என் பெருவிரலில் இரத்தம்கூட வந்தது. நம்பினால் நம்புங்கள், இருந்தது.

அடுத்தநாள் குழு வந்தது. தலைவி வவுனியாவிலிருந்து வந்த ஒரு மிஸ், நல்ல கண்டிப்பு. காலையில் எங்கள் கட்டடத்தைப் பார்த்து முடித்தார்கள். உப அலுவலகங்களில் எதைப் பார்ப்பது என்ற கதை வந்தபோது நானாகவே, "அந்தப் பழைய சேர்வரையும் ஒருக்கால் பாருங்கோவன் மிஸ்" என்று எடுத்துக் கொடுத்தேன். சர்மிளா திரையைப் பார்க்காமலே, "அது புளியங்குளத்தில இருக்கு மிஸ்" என்றாள்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அந்தச் சேர்வருக்குப் படங்கு போட்டு மூடியதே அவள்தான். காலையில் பட்டியலைப் படித்திருப்பாள், அதை நம்பிச் சொல்லுகிறாள், இவ்வளவுதான் இவளுடைய கெட்டித்தனம் என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

எல்லோரும் வானில் புறப்பட்டோம். முறிகண்டியில் வழக்கம்போல நின்றது, மிஸ் கற்பூரம் கொளுத்தினார், நான் கச்சான் வாங்கினேன். மாங்குளம் தாண்டும்வரை சர்மிளா என்ன சொல்லுவாள், முகம் எப்படிப் போகும் என்பதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு போனேன். அவ்வளவு சந்தோஷமான பயணம் எனக்கு வாய்த்ததில்லை என்று சொன்னால் நீங்கள் என்மேல் காறித் துப்பலாம்.

புளியங்குளம் அலுவலகத்தில் இரண்டு அறை. உள்ளறைக் கதவைத் திறந்தால் யன்னலுக்குக் கீழே சேர்வர் நிற்கிறது.

வேறு ஒன்றாக இருக்கும் என்று குனிந்து பார்த்தேன். அதே இலக்கம். மிஸ் வாசித்துச் சரி போட்டார். சுவரில் அது சாய்ந்து நின்ற இடத்தில் சுண்ணாம்பு உரசிக் கறுத்திருந்தது, பின்பக்கத்தில் குளவி கூடு கட்டி அதுவும் காய்ந்துபோயிருந்தது. என் பெருவிரலில் முதல்நாள் ஒட்டிய பிளாஸ்டர் அப்படியே இருந்தது.

அங்கே வேலை செய்கிற பரமேஸ்வரி அக்கா பிளேன்ரீ கொண்டுவந்தார். "இது எப்ப அக்கா இங்கை வந்தது?" என்று ஆட்கள் காதில் விழாமல் கேட்டேன்.

"என்ன தம்பி, விசர்க் கதை கதைக்கிறீர்? நீங்கள் ரெண்டு பேரும்தானே கொண்டந்து வைச்சனீங்கள். மூண்டு வருசமிருக்கும். படியில தடக்கி ரெண்டு பேரும் பெட்டியோட விழுந்து இருந்திட்டியள், அந்தச் சிரிப்புச் சிரிச்சியளே. அண்ணனும் தங்கச்சியும் எண்டெல்லோ நான் நினைச்சனான்."

மூன்று வருடத்துக்கு முன் நான் சர்மிளாவோடு முகம் கொடுத்துக் கதைத்ததே இல்லை. கேட்டால் மட்டும் மறுமொழி, அதுவும் ஒரு சொல்லில். அவளோடு சேர்ந்து சிரித்த ஒரு நாள்கூட என் வாழ்க்கையில் இல்லை. அதை நான் எழுதவும் இல்லை பாருங்கள். நான் தட்டியது இடம், திகதி, இரண்டு பெயர். படியில் தடக்கியதை யார் எழுதியது?

திரும்பி வந்ததும் நேரே களஞ்சியத்துக்கு ஓடினேன். படங்கு மடித்து அலுமாரிக்கு மேலே கிடந்தது. சேர்வர் நின்ற இடத்தில் உடைந்த கதிரைகள் அடுக்கியிருந்தன, கால்களுக்கிடையில் சிலந்தி வலை தடிப்பாகத் தொங்கியது. பிறகு தரவுத்தளத்தில் தேடினேன். யார் எப்போது எதை மாற்றினாலும் அது தானாக ஒரு பக்கத்தில் பதிவாகும், அதை முதல்நாள் நான் யோசிக்கவே இல்லை. முதல்நாள் மத்தியானம் யாரும் எதையும் தொடவில்லை. சேர்வரின் இடம் மாறியது மூன்று வருடத்துக்கு முன், பதிந்தவர் சர்மிளா. இலக்கத்தைத் தட்டித் தேடினேன், பெயரைத் தட்டித் தேடினேன், களஞ்சியம் என்று தட்டித் தேடினேன். நான் செய்த அநியாயத்துக்கு ஒரு தடயமும் இல்லை.

ஞாபக மறதி என்று நீங்கள் சொல்லப் போகிறீர்கள். மனைவியும் அதைத்தான் சொன்னாள். வைத்தியரிடமும் போனேன், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்.

கணக்கெடுப்பு பிழையில்லாமல் முடிந்தது. சேர் சர்மிளாவின் பெயரை அனுப்பினார், அவள் பதவியோடு முல்லைத்தீவுக்குப் போனாள். போகிற நாளில் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"அண்ணா, ஒண்டு சொல்லோணும். நான் இங்க வந்த புதுசுல ஒருத்தரும் என்னோட ஒழுங்காக் கதைக்கல. வேலைய விட்டிட்டுப் போறதெண்டு கடிதம்கூட எழுதி வச்சிருந்தன். அந்தச் சேர்வரக் குடுத்திட்டுத் திரும்பி வரேக்க நீங்க ஒரு கடுதாசித் துண்டில எழுதித் தந்தீங்களே, அதாலதான் நிண்டன்."

"நான் என்ன எழுதினனான்?"

"பகிடி விடாதீங்க" என்று சிரித்தாள், கண் கலங்கியிருந்தது.

அன்றிலிருந்து என் பொறாமை இடம் மாறிவிட்டது. சர்மிளாவில் எனக்கு இப்போது எரிச்சல் இல்லை, அந்தப் பதவி அவளுக்கு உரியதுதான். எனக்கு எரிகிறது அந்த மற்றவனை நினைத்து. என் பெயரில் ஒருவன் அவளோடு பெட்டி தூக்கி, படியில் விழுந்து சிரித்து, ஒரு பிள்ளையை வேலையில் நிற்க வைக்கிற அளவுக்கு நல்ல வார்த்தை எழுதிக் கொடுத்திருக்கிறான். எல்லோருக்கும் அவனைத் தெரிகிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. அவன் என்ன எழுதியிருப்பான் என்று இருந்து யோசிப்பேன். எதை நினைத்தாலும் என் வாயில் வரக்கூடியதாக இல்லை.

போன மாதம் ஒரு வேலையாக முல்லைத்தீவு அலுவலகத்துக்குப் போனேன். சர்மிளா கூட்டத்துக்குப் போயிருந்தாள். அவளுடைய அறைக் கதவு திறந்திருந்தது. மேசைக் கண்ணாடிக்குக் கீழே, அவள் பிள்ளையின் படத்துக்குப் பக்கத்தில், கொப்பியிலிருந்து கிழித்த ஒரு துண்டு இருந்தது. நாலைந்து வரிகள். வாசலில் நின்று பார்த்தபோது வரிகள் தெளிவில்லை, ஆனால் எழுத்தை அடையாளம் கண்டுகொண்டேன். என்னுடைய கையெழுத்து.

இரண்டு அடி வைத்திருந்தால் வாசித்திருக்கலாம். வைக்கவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.