கொன்ஸ்ரன்ரைன் பிடுங்கிய கம்பி

கொன்ஸ்ரன்ரைனை எங்கள் ஊரில் ஊளைப்பெட்டிக்காரன் என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும், பொல்லாத சனம். நடந்தது தெரிந்த ஒரே ஆள் கோயில் மணியடிக்கிற இந்த அருளப்பு, நான்தான். கொன்ஸ்ரன்ரைனும் செத்துப்போனான், அவன் அக்கா பெற்றிசியாவும் போய்விட்டாள். இனியும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாவம்.

சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரனின் பட்டாளத்தில் கம்பியில்லாத் தந்தி வேலை பார்த்தவன் அவன். நாற்பத்தாறாம் ஆண்டு, பெரிய வெள்ளிக்கு முந்திய தபசு காலத்தில் மன்னாருக்குத் திரும்பியபோது, கையில் பழைய வால்வுகளும் ஒரு ஸ்பீக்கர்க் குழாயும் இருந்தன. தாய் தகப்பன் இல்லை, கலியாணமும் இல்லை. உலகத்தில் அவனுக்கென்று இருந்தது அக்கா ஒருத்தி மட்டும். அவளும் தனிக்கட்டைதான்.

பெரிய வெள்ளியன்று மாதாவின் ஒப்பாரியை இருபது வருடமாகப் பாடி வந்தவள் பெற்றிசியா. அந்தக் குரல் கடற்கரைவரை கேட்க வேண்டுமென்று இவன் ஒலிபெருக்கி செய்தான். தபசு நாற்பது நாளும் எங்களுக்குப் பாட்டில்லை. அந்த ஒப்பாரியையோ பெரிய வெள்ளியைத் தவிர வேறு எந்த நாளிலும் வாயில் எடுக்கமாட்டோம். ஆகவே காதுக்குழாயை மாட்டிக்கொண்டு, தானே மைக்கில் குசுகுசுத்துச் சோதித்தான். குசுகுசுப்புக்கு ஒழுங்காக வேலை செய்த பெட்டி, முழுச் சத்தத்துக்குத் திருகியதும் அக்காவின் குரலைக் கரகரவென்று கிழித்துப்போட்டது. துக்க நாளில் சனம் சிரித்தது. பெற்றிசியா புத்தகத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவள் தம்பியோடு கதைக்கவில்லை. சோற்றை மூடி வைப்பாள், போய்விடுவாள். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒரு சொல் இல்லை. எனக்கென்றால் பைத்தியம் பிடித்திருக்கும். அவன் அந்தப் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டான்.

அவன் செய்த வேலையை எனக்கு விளங்கப்படுத்தினான். வெளியே போகிற சத்தத்தில் கொஞ்சத்தைக் கிள்ளி, தலைகீழாக்கி, ஒரு கம்பி வழியாக முதல் வால்வுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். அப்போது பெட்டி தான் விட்ட பிழையைத் தானே கண்டு கழித்துவிடும். முதல் தடவை அந்தக் கம்பியை மாறிக் கொடுத்துவிட்டான். பெட்டி போட்ட ஊளையில் வீதியில் நின்ற கழுதைகள் எல்லாம் ஓடின. சரியாகக் கொடுத்த பிறகும், ஸ்பீக்கருக்கு நீள வயரைப் பூட்டினால் விசிலடித்தது. சின்னக் கண்டென்சர் ஒன்றைக் குறுக்கே வைத்து அதை அடக்கினான். சத்தம் குறைந்துபோனது, இன்னொரு வால்வு சேர்த்தான். தபசு தொடங்க முன்னமே எல்லாம் முடிந்தது. சோதிக்க என் குரல்தான் கிடைத்தது. நான் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன், என் பொக்கை வாய்கூட அப்படியே கேட்டது.

அடுத்த பெரிய வெள்ளிக் காலையில் பெற்றிசியா, ஒரு வருடத்துக்குப் பிறகு, அவன் முன்னால் வந்து நின்றாள்.

“இந்த முறை என்ர குரல் என்ர குரலாக் கேக்குமோ?”

“ஓம் அக்கா. உங்கட குரல்தான் கேக்கும்.”

அன்றைக்கு மணியடிக்கக் கூடாது. வேலையில்லாத நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் தொடங்கினாள். கடவுளே, என்ன துப்புரவான குரல்! கொன்ஸ்ரன்ரைனின் கண் கலங்கிப்போனது. மூன்றாவது பாட்டில் குரல் மேலே ஏறுகிற இடம் வந்தது. குரல் உடைந்தது. அடுத்த அடியிலும் உடைந்தது. பெட்டியில் ஒரு பிழையும் இல்லை, போனது அவளுடைய குரல். வருடத்தில் ஒரு நாள் மட்டும் பாடுகிறவளுக்கு அது எப்படித் தெரியும்? முன்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கினார்கள்.

கொன்ஸ்ரன்ரைன் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, பிழையைக் கழிக்கிற அந்தக் கம்பியைப் பிடுங்கினான். நான் பார்த்தேன். அடக்க ஆளில்லாத பெட்டி வெறிபிடித்துக் கரகரத்தது, பிறகு ஊளையிட்டது. அக்காவின் குரல் அதற்குள்ளே மறைந்துபோனது. சனம் முழுவதும் பெட்டியைத் திட்டியது, அவனைத் திட்டியது. அவளை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பெற்றிசியா நேரே அவனிடம் வந்தாள். “ரெண்டு தரம் என்னைச் சபையில வெக்கப்படுத்திப்போட்டாய். இனிச் சாகுமட்டும் என்னோட கதையாத.”

“என்ர பிழைதான் அக்கா” என்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோயில் காலியான பிறகு அவனைப் பிடித்து, மடையா, ஒரு வருட உழைப்பை ஒரு நொடியில் நாசமாக்கினாயே, அவளிடம் உண்மையைச் சொன்னால் என்ன என்று கத்தினேன். அவன் கம்பியைத் திரும்பப் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

“பெட்டியைத் திருத்தலாம் அண்ணை” என்றான்.

ஒருவரும் பிறகு அந்தப் பெட்டியைக் கேட்டு வரவில்லை. பெற்றிசியாவும் பாடவில்லை. வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ள வருகிற பெண்களிடம், அந்தப் பெட்டி மட்டும் இல்லாவிட்டால் நான் இன்றைக்கும் பாடுவேன் என்று தலைநிமிர்ந்து சொல்லுவாள். கிணற்றுக்கும் அவன் அறைக்கும் நடுவில் ஒரு தென்னங்கிடுகு வேலிதான். சாகும்வரை பதினொரு வருடம் அவன் கேட்ட அக்காவின் குரல் அது ஒன்றுதான்.