அலிப்பூர் கீபோர்டுக்கு நான் போட்ட கிரீஸ்

1. எண்ணெய்க் கை

"தாதா, சத்தமே வரலையே!" என்று மித்ரா பாபு கீபோர்டை மேஜையில் வைத்தபோது, பாராட்டுகிறார் என்று நினைத்து இருக்கிற பல்லையெல்லாம் காட்டிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தாதா என்றால் வங்காளியில் அண்ணன், ரவுடி இல்லை. முதலிலிருந்து சொல்கிறேன். நான் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். சத்தம் வந்தால் பழுது, பழுதென்றால் கிரீஸ். எனக்குத் தெரிந்த ஒரே சாஸ்திரம் அது. ரிட்டயரான பிறகு கார்டன் ரீச் வீட்டில் கதவுக் கீல், தையல் மெஷின், மாவு கிரைண்டர் என்று எதையும் விடாமல் எண்ணெய் விட்டு, மனைவியின் பிராணனை வாங்கிக்கொண்டிருந்தேன். "அம்மா பாவம்" என்று மகள் சுபாதான் என்னை ஜாதவ்பூருக்குக் கூட்டிப்போனாள். அங்கே அவள் மெக்கானிக்கல் கீபோர்டு சர்வீஸ் கடை வைத்திருக்கிறாள். யூனிவர்சிட்டிப் பிள்ளைகள்தான் வாடிக்கை.

ஒவ்வொரு கீயின் கீழும் ஒரு குட்டி ஸ்விட்ச். அதைத் திறந்து, உள்ளே உரசும் இடத்தில் மெல்லிய பிரஷ்ஷால் கிரீஸ் தடவவேண்டும்.

"அப்பா, ஸ்ப்ரிங்குக்கு ஆயில். ரெட் ஸ்விட்சுக்கு கிரீஸ், அதுவும் தடவினது கண்ணுக்குத் தெரிஞ்சா ஜாஸ்தி. ப்ளூ ஸ்விட்சை மட்டும் தொடவே தொடாதீங்க. அது கிளிக்னு கேக்கணும்னே செஞ்சது."

நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

2. இனாம்

மித்ரா பாபு அலிப்பூரில் கோர்ட்டுக்கு வெளியே மேஜை போட்டு, வருகிறவர்களுக்கு அஃபிடவிட் டைப் அடித்துக் கொடுப்பவர். டைப்ரைட்டரை மூட்டை கட்டிவிட்டு, லேப்டாப்போடு ஒரு ப்ளூ ஸ்விட்ச் கீபோர்டு வாங்கியிருந்தார். அவர் வந்த நேரம் சுபா கூரியர் ஆபீஸ் போயிருந்தாள்.

"ஸ்பேஸ் பார் லொடலொடங்குது தாதா. அதை மட்டும் பாத்து வைங்க, சாயங்காலம் வரேன்" என்றார்.

ஸ்பேஸ் பாருக்கு அடியில் ஒரு கம்பி இருக்கும், ஆடுவது அதுதான். அதற்கு கிரீஸ் வைத்தேன், சரியாகிவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே! மற்ற கீயெல்லாம் கிளிக் கிளிக் என்று கத்திக்கொண்டிருந்தன. பாவம் மனுஷன், நாளெல்லாம் இந்த இரைச்சலில் குப்பை கொட்டுகிறாரே என்று மனசு இளகிவிட்டது. அத்தனை ஸ்விட்சையும் பிடுங்கித் திறந்து, இருந்ததிலேயே கெட்டியான கிரீஸை ரயில் பெட்டிக்கு அப்புகிற மாதிரி அப்பினேன். முடித்தபோது கீபோர்டு வாயே திறக்கவில்லை. சாயங்காலம் அவர் வந்ததும், இது இனாம் என்று வேறு பெருமையாகச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் மத்தியானம்தான் நான் முதலில் சொன்னபடி கீபோர்டோடு வந்து நின்றார்.

"ஏ கீ கொரெச்சென் தாதா! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? பார்ட்டி எனக்கு எதிரே உக்காந்திருக்கான். அவனுக்குத் தெரியறது லேப்டாப்போட முதுகு. சத்தமும் இல்ல. நான் டைப் அடிக்கறேனா, தூங்கறேனான்னு அவனுக்கு எப்படித் தெரியும்? எழுந்து பக்கத்து மேஜைக்குப் போயிடறான். காலையிலேர்ந்து எனக்கு போணியே ஆகல."

கூரியர் பையோடு உள்ளே வந்த சுபா ஒரு கீயை அழுத்திப் பார்த்தாள். "ஈஷ்! அப்பா, ப்ளூவுக்கா கிரீஸ் போட்டீங்க?"

"இனாமாத்தாம்மா..."

"அவர் பொழைப்பையே இல்ல இனாமா எடுத்துட்டீங்க!"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கடையில் புது ப்ளூ ஸ்விட்ச் ஸ்டாக் இல்லை. "நாளைக்கும் இப்படியே போனா, இருக்கிற பார்ட்டியும் பக்கத்து மேஜைக்குப் பழகிடும். நான் இங்கேயே உக்காந்திருக்கேன்" என்று மித்ரா பாபு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

3. கழுவல்

ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஆல்கஹாலில் அலசி, துடைத்து, காயவைத்து மறுபடி மூட்டினேன். என் கிரீஸ் லேசில் போகிற ஜாதியா? அப்புவதற்கு ஆன நேரத்தைப் போல மூன்று மடங்கு ஆயிற்று. கடைக்கு வந்த பிள்ளைகளெல்லாம் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் மித்ரா பாபு கீபோர்டை மடியில் வைத்து அடித்தார். டக்டக்டக்கென்று கடை முழுக்கக் கேட்டது. அப்போதுதான் அவர் முகம் தெளிந்தது.

"வேலை நடக்கிற சத்தம் காதுல விழணும் தாதா. நீங்க ரயில்வேல இருந்தவரு, உங்களுக்குத் தெரியாதா?"

இப்போதெல்லாம் பிரஷ்ஷை எடுக்கும் முன், "இந்தச் சத்தம் உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டுவிடுகிறேன். இளசுகள் இந்த ஒரு கேள்வியைக் கற்றுக்கொண்டால் போதும்.

வேலைச் சத்தத்தின் அருமை எனக்கோ முன்னமே தெரிந்திருக்க வேண்டும். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன் வருவது தெரிந்தால் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, சுத்தியலை எடுத்துப் பக்கத்திலிருக்கும் இரும்பை டங் டங்கென்று நாலு போடு போடுவேன். அவரும் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு போய்விடுவார். அந்த இரும்பில் எந்தப் பழுதும் இருந்ததில்லை.