இரண்டு பாட்டில், ஒரே கேன்

பல் மருத்துவ மேற்படிப்பின் கடைசி ஆண்டில் ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றை எழுதி முடித்தால்தான் பரீட்சைக்கு உட்கார விடுவார்கள். என் கட்டுரை ஈறுகளைப் பற்றியது. மூலிகையில் செய்த ஒரு மருந்தை வாயில் ஊற்றிக் கொப்பளித்தால் ஈறில் ரத்தம் கசிவது குறைகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு நாற்பது பேர் தேவை. குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறம் ஏற்றிய வெறும் தண்ணீர். பாட்டிலில் ஒன்று, இரண்டு என்று எண் மட்டும் இருக்கும். எது மருந்து என்பது கொப்பளிப்பவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த ரகசியத்தை என் கைடு, அதாவது என்னை மேய்க்கும் பேராசிரியை, தன் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தார்.

நாற்பது பேருக்கு எங்கே போவது? கல்லூரிக்கு வரும் நோயாளி பல்வலி நின்ற மறுநாளே காணாமல் போய்விடுவார். ஓசூரில் மூன்று மாதம் தவறாமல் ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்துக்கு வந்து நிற்கிற ஆட்கள் கம்பெனி ஆட்கள்தான். வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் அனுமதி கிடைத்தது. உதவிக்கு ஒரு சூப்பர்வைசரையும் கொடுத்தார்கள். தருமபுரிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். கட்டடம் தீப்பிடித்தாலும் செக்லிஸ்ட்டில் டிக் போட்டுவிட்டுத்தான் வெளியே ஓடுவார், அப்படிப்பட்ட மனிதர்.

முதல் நாள் கேண்டீன் மூலையில் நாற்காலி போட்டு ஒவ்வொருவராக வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறின் ஓரத்தில் ப்ரோப் என்கிற மெல்லிய கம்பியை ஓட்டிப் பார்ப்போம். அதில் மில்லிமீட்டர் கோடுகள் இருக்கும். மூன்றாவதாக உட்கார்ந்தவர் வாயைத் திறக்காமல் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இதுக்குக் கேலிபரேஷன் எப்போ பண்ணீங்க?"

கம்பியின் அளவு சரியா என்று எப்போது சோதித்தீர்கள் என்கிறார். ஏழெட்டு வருடப் படிப்பில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. "இதுக்கெல்லாம் அது தேவையில்லைங்க" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று. அவர் பின்னால் வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே என் மரியாதை பாதி போய்விட்டது. அடுத்த முறை நான் போனபோது என் கருவிப் பெட்டியை வாங்கி, அடுத்த பரிசோதனைத் தேதி போட்ட பச்சை ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிக் கொடுத்தார் சூப்பர்வைசர். அதன் பிறகுதான் எல்லோரும் மனசாரத் திறந்தார்கள்.

மருந்து கொடுக்கும் பொறுப்பும் அவருடையது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தன் கண்முன்னால் கொப்பளிக்க வைத்து டிக் போடுவார். மாதம் ஒருமுறை நான் போய் ஈறுகளைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவேன். ஈறுகள் அழகாகத் தேறிவந்தன. பேட்சில் எனக்குத்தான் முதலில் கட்டுரை முடியும் என்று நினைத்தேன். அப்பா ஊரில் மகள் டாக்டருக்கு மேல் டாக்டராகிவிட்டாள் என்று சொந்தக்காரர்களுக்கு அறிவித்தே விட்டார்.

மூன்று மாதம் முடிந்து கணக்குப் போட்டோம். புள்ளியியல் ஆசிரியர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"என்னம்மா, ரெண்டு கோஷ்டியும் ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கு? ஒருத்தன் பேப்பரைப் பாத்து ஒருத்தன் எழுதுன மாதிரி."

மருந்தில் கொப்பளித்தவர்களுக்கும் தண்ணீரில் கொப்பளித்தவர்களுக்கும் ஒரே அளவு முன்னேற்றம். அன்று விடுதிக்குப் போய் அழுதேன். மூலிகையில் ஒன்றுமே இல்லை போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மிச்சமிருக்கும் பாட்டில்களைத் திரும்ப எடுத்துவர மறுநாள் கம்பெனிக்குப் போனேன்.

கேண்டீனில் டீ கேன் பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு ஸ்டீல் கேன், அடியில் குழாயோடு. தரையில் அதைச் சுற்றி மஞ்சள் டேப்பால் சதுரம் போட்டிருந்தது. மேலே லேமினேட் செய்த தாள்: 'வாய் மருந்து. ஒருவருக்குப் பத்து மில்லி. வரிசையில் வரவும்.'

"சார், இது என்ன?"

"நம்ம மருந்துதாங்க மேடம்."

"எந்த நம்பர்?"

"ரெண்டுந்தான்."

அவர் நிதானமாக விளக்கினார்.

"மொத வாரமே பிரச்சனை ஆயிப்போச்சுங்க. ஒரு பாட்டிலு நாக்கைச் சுரீர்னு புடிக்குது, இன்னொண்ணு சப்புனு இருக்குது. எரியறதுதான் நெஜ மருந்து, எங்களுக்கு மட்டும் ஏன் தண்ணி குடுக்கறீங்கன்னு பாதிப் பேரு சண்டைக்கு வந்துட்டாங்க. பக்கத்துப் பக்கத்து மிஷின்ல நிக்கறவங்களுக்கு ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு வெக்க முடியுங்களா? ஆயுத பூஜைக்கு ஸ்வீட் பாக்ஸ்ல ஒரு லட்டு கொறஞ்சாலே அன்னைக்கு லைன் ஓடாது. அதான் ரெண்டையும் ஒண்ணா ஊத்திக் கலக்கி, எல்லாருக்கும் சமமா அளந்து குடுத்துட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்களுக்கு எதுக்குங்க டென்ஷன்? இங்கயே சால்வ் பண்ணியாச்சு. ஒரு நாளு மிஸ் ஆவல, பாருங்க." செக்லிஸ்ட்டை நீட்டினார். மூன்று மாதத்துக்கும் டிக். ஒரு கட்டம்கூடக் காலியில்லை.

நிறமும் மணமும் ஒன்றாக இருக்கிறதா என்று நாங்கள் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தோம். ஆனால் கைடு உட்பட ஒருவரும் அதை வாயில் ஊற்றிப் பார்க்கவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கத்தினேன். அப்பா வயதுள்ள மனிதரிடம், தட்டு கழுவுகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். ஒன்று மருந்து, இன்னொன்று வெறும் தண்ணீர்தான், அதை வைத்துத்தான் என் படிப்பே இருக்கிறது என்றேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு நின்றார்.

கல்லூரி சீனியர் ஒருவர் ஆறுதல் சொன்னார். "நாற்பது பேர்தானே, நம்பரைக் கொஞ்சம் தட்டி விடு. யாரு போயி அவங்க வாயைத் திறந்து பாக்கப்போறா?" நானும் மடிக்கணினியைத் திறந்து மூன்று கட்டங்களில் எண்ணை மாற்றினேன். பிறகு பழையபடியே ஆக்கினேன். நல்லவள் என்பதால் இல்லை, பயம். மறுநாள் கைடிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும், இந்த முறை பேட்சோடு பரீட்சை எழுத முடியாது, ஆறு மாதம் தள்ளிப்போகும், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய் என்றார்.

அந்த வாரமே சூப்பர்வைசர் கல்லூரிக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு போனேன். அவர் ஒரு தாளை நீட்டினார். லைனில் தப்பு நடந்தால் அவர்கள் 'ஏன் ஏன்' ஷீட் ஒன்று எழுதுவார்களாம். ஐந்து தடவை ஏன் என்று கேட்டால் தப்பின் வேர் கிடைத்துவிடும் என்பது கணக்கு. கட்டம் கட்டிக் குண்டுகுண்டாக எழுதியிருந்தார். மருந்து ஏன் கலந்தது? நான் ஊற்றினேன். ஏன் ஊற்றினேன்? ஆட்கள் சண்டை போட்டார்கள். ஏன் சண்டை போட்டார்கள்? தங்களுக்கு மட்டும் தண்ணீர் என்று நினைத்தார்கள். ஏன் அப்படி நினைத்தார்கள்? அது உண்மை. அந்த உண்மை ஏன் அவர்களுக்கு முன்பே தெரியவில்லை?

ஐந்தாவது கட்டம் காலியாக இருந்தது.

"இதுக்கு எனக்குப் பதில் தெரியலீங்க மேடம். நீங்கதான் எழுதோணும்."

ஆராய்ச்சியில் சேர்பவர்களிடம் ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். நான்கு பக்கம். பாதிப் பேருக்கு மருந்தில்லை என்பது அதில் இரண்டாம் பக்கத்தில் தெளிவாகவே இருந்தது. அதை உட்கார்ந்து விளக்கிச் சொல்வது என் வேலை. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தவர்களை மறித்து, "பல்லுக்கு நல்லது, கையெழுத்துப் போடுங்க" என்று மட்டும் சொல்லிக் கால் மணி நேரத்தில் நாற்பதையும் வாங்கியிருந்தேன். அவர் பேனாவையே வாங்கி, 'நான் சொல்லவில்லை' என்று அந்தக் கட்டத்தில் எழுதினேன். வெட்கமாக இருந்தது. அவர் அதைப் படித்துவிட்டு, கீழே தேதியும் போடச் சொன்னார்.

இரண்டாம் முறை, கல்லூரியின் ஆராய்ச்சி நெறிமுறைக் கமிட்டிக்கு எழுதி அனுமதி வாங்கி, புதுப் பாட்டில்களை நானே வாயில் ஊற்றி ருசியும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு, வேறு ஷிப்ட் ஆட்கள் நாற்பது பேர் முன்னால் நின்றேன். பாதிப் பேருக்கு வெறும் தண்ணீர்தான், யாருக்கு என்று எனக்கே தெரியாது, இஷ்டமில்லாதவர்கள் தாராளமாகப் போகலாம் என்றேன். சூப்பர்வைசர் அதையே கன்னடத்திலும் தெலுங்கிலும் சொன்னார். கர்நாடக எல்லையோரத் தளியிலிருந்து வருகிற ஒருவர் எழுந்தார்.

"போனா சார் எதுனா சொல்வாரா?"

"சொல்ல மாட்டேன்" என்றார் சூப்பர்வைசர்.

"அப்ப எனக்கு பேடா மேடம், வேணாம். தண்ணி எங்க வீட்டுலயே இருக்குது." கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் பின்னால் இன்னும் நான்கு பேர் எழுந்தார்கள்.

ஆள் குறைந்தால் இந்தப் பரீட்சையும் கைவிட்டுப் போகலாம். சூப்பர்வைசர் என் காதருகே வந்து, "நான் போயி பேசிக் கூட்டியாரட்டுங்களா?" என்றார். அவர் பேசினால் ஐந்து பேரும் வந்துவிடுவார்கள், எனக்குத் தெரியும்.

வேண்டாம் சார் என்றேன். போன முறை நாற்பது பேரும் சரி என்றார்கள், ஆனால் நான் ஒருவரையும் கேட்டிருக்கவில்லை. இந்த முறை கேட்டேன். ஐந்து பேர் முடியாது என்றார்கள்.