பீலியிலிருந்து மூன்றாவது காம்பரா

அந்த வீடியோ விளையாட்டில் ஒரே ஊர் மூன்று முறை வரும். கதாநாயகன் முதலில் உள்ளே நுழையும்போது சந்தை நடக்கும், கோழிகள் குறுக்கே ஓடும், கிணற்றடியில் பெண்கள் நிற்பார்கள். பல கட்டங்களைத் தாண்டி இரண்டாம் முறை வந்தால் எதிரிகள் ஊரை எரித்திருப்பார்கள். மூன்றாம் முறை வெள்ளம் வந்து பாதி ஊரைச் சேறு மூடியிருக்கும். அப்போது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை. காட்டிய ஊரையே திரும்பத் திரும்பக் காட்டுகிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. புது ஊர் கட்டச் சோம்பல்பட்டுக்கொண்டு, பழைய ஊருக்குக் கரியைப் பூசி நம் தலையில் கட்டுகிறார்கள் என்று அண்ணனிடம் சொன்னேன்.

அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் கொஞ்ச காலம் வேலைக்கு நின்றான். சரிப்பட்டு வரவில்லை. தெமோதரைப் பக்கமிருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பி வந்து ஃபெக்டரியில் வேலைக்குச் சேர்ந்தான். வரும்போது யாரோ பாவித்த விளையாட்டுப் பெட்டியையும் அந்த ஒரே ஒரு சீடியையும் கொண்டுவந்திருந்தான். வேறு சீடி வாங்க வழியில்லை. ஆகவே முடிக்க முடிக்க முதலிலிருந்து அதையே விளையாடினோம். அம்மா மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்து தலையில் அடித்துக்கொள்வாள், இன்னும் அந்த ஊரை விட்டு நீங்கள் போகவில்லையா என்று.

எரிந்த ஊரில்தான் நான் எப்போதும் தொலைந்துபோவேன். கிணற்றுக்குள் ஒரு சாவி கிடக்கும், அதை எடுத்தால்தான் மேலே போகலாம். ஆனால் கிணற்றுச் சுவர் இடிந்து, மேலே கட்டைகள் விழுந்து, எது கிணறு எது வீடு என்றே தெரியாது. கரிக்குவியல்களைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, வெறுத்துப்போய் கையிலிருந்த கன்ட்ரோலரை அண்ணன் மடியில் எறிவேன். அவன் சிரிப்பான்.

"வீடு போயிரும், கடை போயிரும். மலை எங்கடி போகப் போகுது? மலையப் பாரு," என்பான்.

ஊருக்குப் பின்னால் இரட்டைக் கொம்பு வைத்த மலை ஒன்றை வரைந்திருந்தார்கள். அந்தக் கொம்புகளுக்கு நடுவே மணிக்கூண்டு தெரிகிற இடம்தான் கிணற்றடி. ஊர் எரிந்த பிறகும் மணிக்கூண்டு மொட்டையாக நிற்கும். அது இரண்டு கொம்புக்கும் நடுவே வரும்வரை நடந்தால் காலடியில் கிணறு இருக்கும். இதை அண்ணனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவன் அப்படிப் பார்க்கிறவன். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, இன்றைக்கும் கிடையாது.

எங்கள் லயம் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள் கொண்டது. ஒரு காம்பராவில் ஒரு குடும்பம், முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்புத் திண்ணை. கதவில் இலக்கம் இருந்தால்கூட அதை யாரும் சொன்னதில்லை. லயத்தின் ஒரு கோடியில் ஊற்றுத் தண்ணீர் விழும் கல் பீலி இருந்தது. அங்கிருந்துதான் எண்ணுவோம். எங்களுடையது பீலியிலிருந்து மூன்றாவது. கல்யாணம் சொல்ல வருபவர்களும் சண்டைக்கு வருபவர்களும் அப்படியே விசாரித்து வருவார்கள். பிறகு குழாய்த் தண்ணீர் வந்தது. குழாயை லயத்தின் மறு கோடியில் வைத்தார்கள். பீலி வற்றிப்போய், அந்தக் கல்மேல் கோழிகள் ஏறிப் படுத்தன. அதற்குப் பிறகும் எங்களுக்குப் பீலி என்றால் அந்தக் காய்ந்த கல்தான். எண்ணுவதும் அங்கிருந்துதான். தண்ணீர் இடம் மாறியதற்காக வீட்டை மாற்றிச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் வளர்ந்து பதுளையில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்கு வந்த பிறகு, எங்கள் ஊவாப் பக்கத்து மழை விடாமல் அடித்த ஒரு வாரத்தில், மண் சரியலாம் என்று லயத்தை விட்டு இறங்கச் சொல்லிவிட்டார்கள் என்று அண்ணன் ஃபோனில் சொன்னான். எல்லோரும் கீழே பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். அவசரத்தில் எங்கள் இரண்டு ஆடுகளையும் இஸ்தோப்பிலேயே கட்டிவிட்டு வந்துவிட்டார்களாம். அம்மா புலம்பிக்கொண்டிருந்தாளாம். போகாதே என்று நான் கெஞ்சினேன், பிறகு திட்டினேன்.

"ஆடு கட்டுல கெடக்குடி. அவுத்து விட்டுட்டு வந்துர்றேன். மலை எங்க போகப் போகுது?" என்றான்.

அவன் ஏறிப்போன கொஞ்ச நேரத்தில் மலை வந்தது. எனக்குச் செய்தி கிடைத்தபோது பாதை உடைந்து பஸ் நின்றிருந்தது. மீதித் தூரத்தை நடந்து, மறுநாள் காலையில்தான் போய்ச் சேர்ந்தேன். லயம் இருந்த இடத்தில் சிவந்த மண், அதில் வேரோடு கிடந்த தேயிலைச் செடிகள். ஒரு பெக்கோ இயந்திரம் தோண்டிக்கொண்டிருந்தது, பக்கத்தில் இராணுவக்காரர்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். லயத்து ஆட்கள் உள்ளே வராமல் குறுக்கே கயிறு கட்டி மறித்திருந்தார்கள். ஓர் ஆடு முந்தின நாளே அறுபடாத கயிற்றை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதனால் அண்ணன் காம்பரா வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டான் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. இடத்தைக் கேட்டவர்களிடம் பீலியிலிருந்து மூன்றாவது என்று அவள்தான் சொல்லியிருந்தாள்.

அவளை வந்து பார்க்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவள் சொன்னதைச் சிங்களத்தில் மாற்றிச் சொன்னவர், தண்ணீர்க் குழாயிலிருந்து மூன்றாவது என்று சொல்லிவிட்டார். சேற்றுக்கு வெளியே உடைந்த குழாய் ஒன்று நீட்டிக்கொண்டு இன்னும் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வர நியாயமில்லை. அங்கிருந்து எண்ணித் தோண்டியிருந்தார்கள். எடுத்த சாமான்களை அடையாளம் காட்டட்டும் என்று, என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு என்னை உள்ளே விட்டார்கள். வெளியே எடுத்துப் போட்டிருந்த அலுமாரியைப் பார்த்தேன். அது எங்கள் அலுமாரி இல்லை. குழாய்க் கோடியில் இருந்த குடும்பத்தின் அலுமாரி.

முந்தின நாள் மத்தியானத்திலிருந்து தப்பான கோடியைத் தோண்டியிருக்கிறார்கள். மழை மறுபடி வருகிறது, பின்னேரத்தோடு நிறுத்திவிடுவோம் என்று அதிகாரி ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். நிறுத்தினால் அண்ணன் அங்கேயேதான் கிடப்பான். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கத்தினேன், இது இல்லை, மற்றப் பக்கம் என்று. பெக்கோ ஓட்டியவர் மொனராகலைக்காரர், சலித்துப்போன மனிதர். அப்படியானால் எங்கே என்று காட்டச் சொன்னார். சுற்றிப் பார்த்தேன். காட்டுவதற்கு ஒன்றுமில்லை. பீலிக் கல் இல்லை, படி இல்லை, பிறந்து வளர்ந்த இடத்தில் எனக்கு ஒரு மண்ணும் அடையாளம் தெரியவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. அண்ணன் மேல் கோபம்தான் வந்தது. ஓர் ஆட்டுக்காகப் போனானே என்று வாய்விட்டுத் திட்டினேன்.

திட்டிக்கொண்டே எதிர்ப்பக்கம் திரும்பியபோது ஃபெக்டரிப் புகைபோக்கி கண்ணில் பட்டது. அதற்குப் பின்னால் எதிர் மலையில் ஒரு பள்ளம், யாரோ கடித்து எடுத்ததுபோல். காலையில் எங்கள் வாசலில் நின்று பல் விளக்கும்போது அந்தப் பள்ளத்தின் நடுவில் புகைபோக்கி நிற்கும். வருடக்கணக்காகப் பார்த்த காட்சி. முழங்கால் சேற்றில் கால்களைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து, புகைபோக்கி பள்ளத்துக்கு நடுவே வரும்வரை நடந்தேன். அங்கே நின்று, இந்த நேர்கோட்டில் மேலும் கீழும் தோண்டுங்கள் என்றேன். ஓட்டுநர் என்னைப் பார்த்தார், நான் பார்த்த பக்கம் பார்த்தார், இயந்திரத்தைத் திருப்பினார்.

நின்ற இடத்துக்குக் கொஞ்சம் கீழே எங்கள் நீலக் கதவு முதலில் வந்தது. கதவுக்கு அடுத்தாற்போல் அண்ணன் இருந்தான். மற்ற ஆட்டின் கயிறு அவன் கையில் சுற்றியிருந்தது. முடிச்சை அவிழ்த்து முடித்திருந்தான்.

மண் விழுந்த உடனேயே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். உண்மையாகச் சொன்னாரா, எங்களுக்காகச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அடக்கம் முடிந்து வரும்போது.

"நான் சரியாத்தான பாப்பா சொன்னேன்?"

"சரியாத்தாம்மா சொன்ன," என்றேன்.

இப்போது அம்மா பதுளையில் என்னோடு இருக்கிறாள். அந்தப் பழைய விளையாட்டு இன்றைக்கு ஃபோனிலேயே கிடைக்கிறது. ஒரு நாள் இறக்கி விளையாடிப் பார்த்தேன். எரிந்த ஊர் வரைக்கும் போனேன். எல்லாம் கரியாகிக் கிடக்க, பின்னால் அந்தக் கொம்பு மலை மட்டும் ஒரு கீறல் விழாமல் நின்றது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் நிற்கும், படம்தானே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிணற்றைத் தேடாமலே விளையாட்டை ஃபோனிலிருந்து அழித்துவிட்டேன்.

பதுளையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். எங்கள் வாடகை அறையின் பின்கதவைத் திறந்தாலும் ஒன்று நிற்கும். மழை பிடித்தால் அம்மா நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டுக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்துவிடுவாள். சோறு ஆறிப்போகும், கூப்பிட்டால் வரமாட்டாள். போன வாரமும் அப்படித்தான், வேலை முடிந்து நான் நனைந்துகொண்டு வந்தேன், அவள் சாரலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் மலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ போய்ச் சாப்பிடு பாப்பா. நான் பாத்துக்கிட்டிருக்கேன்."