நன்றியுரையில் குணமான புற்றுநோய்

1997 ஐப்பசி, தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை மாலை. ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்ன அரங்கம். வெளியே நல்ல மழை. அப்படியும் நாற்காலி போதாமல் பலர் நின்றுகொண்டிருந்தார்கள். குடல் புற்றுநோய் செல்களைத் தாவரச் சத்துகள் என்ன செய்கின்றன என்பதுதான் அன்றைய பேச்சு.

இந்த மாதிரிக் கூட்டங்களுக்குப் போவது எனக்குப் பழக்கம். அபிராமபுரத்தில் இருந்த என் அண்ணன் அன்றுதான் முதல்முறையாக என்னோடு வந்தார். வரக் காரணம் இருந்தது. பல மாதங்களாக மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்ததை மூலம் என்று தானே முடிவுகட்டி, வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல், கருணைக்கிழங்கும் துத்தி இலையுமாகச் சமாளித்திருக்கிறார். கடைசியில் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, புற்றுநோய்க் கட்டி என்று சொல்லிவிட்டார். இப்போதே எடுத்துவிட்டால் குடலை மறுபடி இணைத்துவிடலாம், தாமதித்தால் வயிற்றில் ஓட்டை போட்டு, மலம் சேர ஒரு பை மாட்ட வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னார். அந்தப் பை என்ற வார்த்தைதான் அண்ணனைத் தூங்கவிடாமல் செய்தது. தீபாவளி முடிந்த திங்கட்கிழமை ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது.

பேசியவர் ஒரு பெண் ஆராய்ச்சியாளர். முப்பது வயதுக்குள் இருக்கும். மஞ்சளில் உள்ள ஒரு சத்தைப் புற்றுநோய் செல்கள் மீது விட்டால் அவை வளர்வதை நிறுத்திவிட்டு மடிகின்றன என்று படம் போட்டுக் காட்டினார். சாதாரண செல்லுக்குத் தன் காலம் முடிந்ததும் சாகத் தெரியும், புற்றுநோய் செல் அதை மறந்துவிடுகிறது, இந்தச் சத்து அதை நினைவுபடுத்துகிறது போலிருக்கிறது என்று அவர் விளக்கிய விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கூடவே, இதெல்லாம் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்கள், சாப்பிடுகிற மஞ்சளில் மிகக் கொஞ்சம்தான் உடம்பில் சேர்கிறது, இதை நம்பி யாரும் சிகிச்சையை நிறுத்தாதீர்கள் என்றும் திரும்பத் திரும்பச் சொன்னார். இதைவிடப் பொறுப்பாக யாராலும் பேசியிருக்க முடியாது.

பிறகு அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நன்றி சொல்ல ஒருவர் எழுந்தார். ஜிப்பா, கணீரென்ற குரல். "அம்மையார் தன்னடக்கத்தால் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். அஞ்சறைப் பெட்டி இருக்கும் வீட்டுக்கு ஆபரேஷன் எதற்கு?" என்றார். அரங்கமே கைதட்டியது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அண்ணனும் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாக நான் பார்க்காத சிரிப்பு அவர் முகத்தில்.

கூட்டம் கலைவதற்குள் மேடை ஏறி அந்த ஜிப்பாக்காரரைப் பிடித்தேன். அந்த அம்மா சொன்னதற்கு நேர்மாறாகச் சொல்லிவிட்டீர்களே என்று கேட்டேன். அவர் என் தோளில் தட்டினார். "மழையில வந்திருக்காங்க, சந்தோஷமா வீட்டுக்குப் போகட்டுமே சார். நன்றியுரைல போய் யாராவது குத்தம் பார்ப்பாங்களா?" என்று சொல்லிவிட்டு காபி வந்ததா என்று பார்க்கப் போய்விட்டார்.

ஆராய்ச்சியாளர் வாசலில் நின்று, பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் மீதும் எனக்குக் கோபம்தான். மேடையிலேயே மறுத்திருக்கலாமே என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "பொன்னாடை போட்டப்புறம் எப்படி சார் எழுந்து மறுத்துப் பேசறது?" என்றார். அண்ணனைப் பற்றிச் சொன்னதும், தயங்காமல் என்னோடு வந்தார். நேராக அண்ணனிடம் போய், "சார், எங்க அப்பாவா இருந்தா நாளைக்கே ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போவேன். தட்டுல நடந்தது வேற, உங்க வயித்துல நடக்கிறது வேற" என்றார்.

அண்ணன் எழுந்து நின்று அவரைக் கும்பிட்டார். ஆட்டோவில் வரும்போது, "பார்த்தியாடா, எவ்வளவு படிச்சும் அந்தப் பொண்ணுக்கு என்ன அடக்கம்" என்றார்.

ஆபரேஷனை ரத்து செய்துவிட்டார். நானும் அண்ணியும் சண்டை போட்டோம், அழுதோம், டாக்டரையே வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. காலையும் மாலையும் மஞ்சள் உருண்டை. மயிலாப்பூரில் பங்குனித் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரம் குடல் அடைத்துக்கொண்டது. வயிறு பானை மாதிரி உப்ப, அவசர அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். உயிர் தங்கியது. ஆனால் எந்தப் பைக்குப் பயந்து மஞ்சளைத் தின்றாரோ, அந்தப் பை வந்துவிட்டது. ஆயுசு முழுவதும் அதை எடுக்க முடியாது என்றார்கள்.

நினைவு தெளிந்த அன்று போர்வைக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு விட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு அடக்கமா சொல்லலை, இல்லடா?" என்றார். நான் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

அண்ணன் அதற்கப்புறம் சில வருடங்கள் இருந்தார். கல்யாணம், கச்சேரி என்று எங்கேயும் போகவில்லை. ஜிப்பாக்காரரைப் பல மேடைகளில் பார்த்தேன். அதே குரல், அதே கைதட்டல். அவர் வாயால் யாருக்கு என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியாது. ஒருமுறை சொல்லப் போனேன், அடையாளம் தெரியாமல் சிரித்துக் கைகுலுக்கிவிட்டு நகர்ந்தார்.

நன்றியுரை ஆரம்பித்ததும் செருப்பைத் தேடிக் கிளம்புகிற ஆளாக இருந்தேன்; இப்போது கடைசி வார்த்தைவரை உட்கார்ந்து கேட்கிறேன், பேசியவர் சொன்னதற்கு மாறாக ஒரு வார்த்தை வந்தாலும் பொன்னாடை, மரியாதை எதையும் பார்க்காமல் எழுந்து நின்றுவிடுகிறேன்.