படலையில் செருகிய கடுதாசி

கிறிஸ்மஸ் வரும் நத்தார் கிழமையில் பொலிஸ் நிலையத்தில் என்ன பெரிய வேலை இருக்கப்போகிறது என்று என் மனைவி கேட்பாள். தொண்ணூறுகளில் ஐந்து வருஷம் நான் பலெர்மோ நகரத்தின் ஓரத்தில், சியாகுல்லிப் பழத்தோட்டங்களுக்கு நடுவில் இருந்த ஒரு சின்ன நிலையத்தில் கூட்டித் துடைத்து, கோப்பை கழுவி, கோப்பி போட்டுக் கொடுத்தவன். அதனால் எனக்குத் தெரியும். வருஷம் முழுவதையும்விட அந்தப் பதினைந்து நாளில்தான் அவர்களுக்கு வேலை கூட.

ஆறு பேரில் மூன்று பேர் லீவில் தங்கள் தாய் தகப்பனிடம் போய்விடுவார்கள். மிஞ்சுவது நிலையத்துக்குப் பொறுப்பான பெரியவர், ஒரு தடித்த பொலிஸ்காரர், தொலைபேசியோடு இருக்கும் ஒருவர். பெரியவரை எல்லோரும் மரெஷால்லோ என்று பதவிப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். சீட்டு விளையாட்டில் மச்சானும் மச்சானும் அடிபட்டார்கள் என்று ஒரு அழைப்பு வரும். வெடிச் சத்தத்துக்கு ஓடிய நாயைத் தேடித் தரச் சொல்லி இன்னொன்று வரும். தனியே இருக்கும் ஒரு வயதான அம்மா தினமும் பத்து மணிக்கு எடுத்து, பின் கதவைக் கள்ளன் தட்டுகிறான் என்பார்.

"போய் அவவோடை ஒரு கோப்பி குடிச்சிட்டு வா. மகன் வந்து சேருமட்டும் அந்தக் கள்ளன் ஒவ்வொரு நாளும் வருவான்" என்று மரெஷால்லோ தடித்தவரை அனுப்புவார். தடித்தவரும் சந்தோஷமாகப் போவார். அந்த அம்மா கோப்பியோடு கேக்கும் கொடுப்பார்.

ஆனால் முக்கியமான வேலை ஆளில்லாத வீடுகளைப் பார்ப்பதுதான். தோட்டத்துக்காரர்கள் பலர் நத்தாருக்கு வீட்டைப் பூட்டிவிட்டு வடக்கே பிள்ளைகளிடம் போய்விடுவார்கள். எந்தெந்த வீடு என்று ஒரு பட்டியல் சுவரில் தொங்கும். பின்னேரத்தில் இவர்கள் ஜீப்பில் ஒரு சுற்றுப் போய் வருவார்கள். அந்தச் சுற்றில் மரெஷால்லோ என்ன செய்கிறார் என்பது அந்த வருஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் மார்கழித் திருவாதிரைக்கு முந்திய பத்து நாள் பூசை நத்தாரோடு சேர்ந்து வந்தது. நான் விடியக் குளித்து, விளக்கேற்றி, பூப் போட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். ஒருநேரச் சாப்பாடு. அயல் பெண்கள் நிலையத்துக்குத் தட்டுத் தட்டாகப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் தொடவில்லை.

"ஏன், உன்ரை கடவுளுக்கு அத்திப்பழ பிஸ்கற் ஒத்துவராதோ?" என்று மரெஷால்லோ கேட்டார்.

"அவருக்கு ஒத்துவரும். எனக்குத்தான் பின்னேரம் வரைக்கும் விரதம்."

"அப்ப ரெண்டாய் எடு. அவருக்கும் ஒண்டு கொண்டுபோ."

கொண்டுபோனேன். சாமிக்கு வைத்தேன்.

பிஸ்கற் தேடி வந்தது, பூவுக்குத்தான் தட்டுப்பாடு. எங்களுடைய வாடகை அறைகளுக்கு வளவு கிடையாது. பூக்கடைகள் பூட்டு. எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் ஒரு சின்யோராவின் வீடு. கணவனை இழந்தவர், மிலானோவில் மகளிடம் போயிருந்தார். அவருடைய முற்றத்தில், மதிலோரத்தில் ஒரு செவ்வரத்தை மரம். அந்தக் குளிரிலும் பூத்துக்கொண்டு நின்றது. முன் படலை இரும்பு, கொளுவி மட்டும்தான், பூட்டுக் கிடையாது. மூன்று நாள் விடியற்காலையில் படலையைத் திறந்து போய் ஐந்து ஐந்து பூப் பறித்தேன். திரும்பப் படலையைக் கவனமாகச் சாத்திவிட்டு வந்தேன். ஊரில் நாங்கள் அயல் வளவில் சாமிக்குப் பூப் பறிக்க ஆரைக் கேட்டோம்? பறிக்கிறவனை வீட்டுக்காரர் கண்டால் இன்னும் இரண்டு பூவைக் காட்டித் தருவார்கள். நானும் அந்த எண்ணத்தில்தான் போனேன்.

நத்தாருக்கு அடுத்த நாள் காலை நான் நிலையத்துக்குப் போனபோது வாசலில் வாங்குப் பலகையில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார். மொறீசியஸ் தமிழர், அந்தச் சின்யோராவின் தோட்டத்தில் மண்டரின் தோடம்பழம் பறிக்கிறவர். என்னைவிட ஐந்தாறு வயது கூட. தமிழில் அவருக்குத் தேவாரம் மட்டும்தான் வரும். நாங்கள் இரண்டு தமிழரும் இத்தாலியனில்தான் கதைப்போம். நாங்கள் எல்லோரும் கூடிக் கும்பிடும் பூசை நாட்களில் முன்வரிசையில் நின்று கண்ணை மூடிப் பாடுவார்.

"என்ன இஞ்சை?" என்று கேட்டேன்.

"தெரியாது. எட்டு மணிக்கு வரச் சொன்னவை. எந்தப் படலையாலை போறனீ எண்டு மட்டும் கேட்டவை" என்றார்.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். மரெஷால்லோவும் தடித்தவரும் பட்டியலுக்கு முன்னால் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. சுற்றுப் போகும்போது ஒவ்வொரு படலையின் இடுக்கிலும் மரெஷால்லோ ஒரு மடித்த கடுதாசித் துண்டைச் செருகிவிட்டு வருவாராம். அடுத்த நாள் அது கீழே விழுந்து கிடந்தால் ஆரோ படலையைத் திறந்திருக்கிறார்கள்.

"சின்யோரா வீட்டிலை மூண்டு நாளும் விழுந்து கிடக்கு. வீடு உடைக்கேல்லை. வீட்டுத் திறப்பு வெளியிலை இருக்கிறவனிட்டைத்தான் இருக்கு. கோழிக்குத் தீன் போடப் பின்பக்கத்தாலை தோட்டத்துக்குள்ளாலை வாறன், முன் படலையாலை வாறதே இல்லையெண்டு சொல்லுறான். பொய் சொல்லுறான்" என்றார் மரெஷால்லோ. "மத்தியானம் அவ மிலானோவிலை இருந்து எடுப்பா. சொல்லத்தான் வேணும்."

துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றேன். வாங்கில் இருந்தவருடைய பெர்மெஸ்ஸோ பெப்ரவரியில் முடிகிறது என்பது எனக்குத் தெரியும். வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேலை கொடுக்கிறவர் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்துப் போட வேண்டியவர் சின்யோராதான். மத்தியானம் அவர் தொலைபேசியில் என்ன கேட்பாரோ, அதோடு அந்த மனிதருடைய இத்தாலி முடிந்துவிடும்.

என்னுடைய பெர்மெஸ்ஸோவையும் நினைத்தேன். மறைக்கவில்லை. பொலிஸ் நிலையத்தில் வேலை செய்துகொண்டு ஆளில்லாத வளவுக்குள் போனவன் நான். ஆனாலும் மூன்று நாளும் சாமிக்கு முன்னால் அந்தப் பூவை வைத்தவன், நாலாம் நாள் வாயை மூடிக்கொண்டு நின்றால் அந்தப் பூசை ஆருக்கு? சாமி பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை எனக்கு உறுதியாக இருந்தது. வாளியைச் சுவரோடு வைத்துவிட்டுச் சொன்னேன்.

"மரெஷால்லோ, அந்தப் படலையைத் திறந்தது நான்."

மரெஷால்லோ என்னைப் பார்த்தார். "நீயோ? என்னத்துக்கு?"

"பூப் பறிக்க."

தடித்தவர் சிரித்தார். மரெஷால்லோ சிரிக்கவில்லை.

"உன்ரை நாட்டுக்காரனைக் காப்பாத்தப் பாக்கிறாய்."

"அவர் என்ரை நாடில்லை, மரெஷால்லோ. நான் இலங்கை, அவர் மொறீசியஸ். பூ வீட்டிலை இருக்கு, வந்து பாருங்கோ."

ஜீப்பில் போனோம். மனைவி லிபெர்த்தா வீதியில் வேலை செய்யும் வீட்டில் அன்றைக்கு அவளுக்கு லீவு. கதவைத் திறந்து சீருடையைக் கண்டதும் அவள் முகம் வெளிறிப் போனது. விஷயத்தைச் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, கேட்டுப் பறியுங்கோ எண்டு எத்தனை தரம் சொன்னனான்" என்றாள். பிறகு மெல்லிய குரலில், "அவரைச் சப்பாத்தைக் கழட்டச் சொல்லுங்கோ, சாமி அறைக்குள்ளை வாறதெண்டால்" என்றாள்.

நான் சொன்னேன். மரெஷால்லோ குனிந்து இரண்டு சப்பாத்தின் கயிற்றையும் அவிழ்த்தார். அதற்குக் கனநேரம் எடுத்தது. காலுறையில் ஒரு ஓட்டை இருந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

சாமிக்குச் சாத்திய பூவை நாங்கள் குப்பையில் போடமாட்டோம். வாடியதும் எடுத்து ஒரு பெட்டியில் சேர்த்து, பத்தாம் நாள் கடலில் கொண்டுபோய் விடுவதாக வைத்திருந்தேன். பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். சுருண்டு கறுத்த சிவப்பில் கிடந்த பூக்களைப் பேனா முனையால் ஒதுக்கி ஒதுக்கி அவர் எண்ணினார். நான் எண்ணிக்கை எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"பதினைஞ்சு" என்றார். "ஒரு நாளைக்கு எத்தினை?"

"அஞ்சு."

பெட்டியை மூடி என்னிடம் தந்தார். "பூவெண்டாலும் மற்றவளின்ரை வளவு. விளங்குதோ?"

"ஓம், விளங்குது."

சாமிக்கென்று எடுத்தது களவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கேளாமல் படலையைத் திறந்தது பிழை. இரண்டையும் அவரிடம் சொன்னேன். முதலாவதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

மத்தியானம் சின்யோரா எடுத்தபோது மரெஷால்லோ உள்ளதை உள்ளபடி சொன்னார். சின்யோராவின் குரல் தொலைபேசியை விட்டு வெளியே எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "செவ்வரத்தையோ? அந்த மரத்தை நானே தறிக்க நினைச்சனான். சரி, என்ரை ஆளைக் காலமையிலையிருந்து அங்கை வைச்சிருந்தால் கோழியளுக்கு ஆர் தீன் போடுறது?"

வாங்கில் இருந்தவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். நாலைந்து மணித்தியாலம் அவர் அதிலேயே இருந்திருந்தார். எழும்பித் தொப்பியைப் போட்டார்.

"பூ வேணுமெண்டால் என்னட்டைக் கேட்டிருக்கலாம்" என்றார். "அந்த மரத்துக்குத் தண்ணி விடுறவன் நான்."

அவர் கோழிகளிடம் போய்விட்டார். மிச்ச நாளெல்லாம் சந்தையில் வாங்கிய துளசியை வைத்துக் கும்பிட்டேன். திருவாதிரையன்று அவர் வந்து முன்வரிசையில் நின்று பாடினார், என்னோடு கதைக்கவில்லை. அது அவருடைய நியாயம்.

பெப்ரவரியில் சின்யோரா திரும்பி வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் என்று மனைவி கேள்விப்பட்டு வந்து சொன்னாள். அந்த மனிதர் பத்திரம் கொடுக்கப் போகும் நாளையும் விசாரித்து வந்தாள். அனுமதி புதுப்பிக்கும் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் அந்தக் காலத்தில் விடியமுன்னே ஆட்கள் வரிசைக்கு வந்துவிடுவார்கள். அன்றைக்கு நான் முதல் பஸ்ஸில் போனேன். எனக்கு முன்னால் பதினொரு பேர். மழை தூறிக்கொண்டிருந்தது. எட்டு மணிக்கு அவர் பத்திரங்களைப் பொலித்தீன் பையில் நெஞ்சோடு அணைத்தபடி வந்து, வரிசையின் வாலைப் பார்த்து நின்றார். நான் கையைக் காட்டினேன்.

"நீ என்ன இஞ்சை?" என்றார்.

"உங்கடை இடம் இது" என்று விலகினேன்.

அவர் வந்து நின்றார். என் குடையை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் வேலைக்குப் போனேன்.